சீக்கிய அரசு எப்படி எழுந்துச்சு, எப்படி பறிபோச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாசி, பக்சார், திப்பு, அப்புறம் நேரா 1857. ஸ்கூல் புக்ல நாம படிச்ச வரிசை இதுதான். நடுவுல ஐம்பது வருஷம் பஞ்சாப்ல ஒரு பெரிய அரசு இருந்துச்சு, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவுல கடைசியா எதிர நின்ன பெரிய படை அவங்களோடதுதான், ஆனா அது ரெண்டு பாராவுல முடிஞ்சிடும். அத பத்தி பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளையும் எனக்குத் தெரிஞ்ச பதில்களையும் இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

சீக்கிய அரசுன்னா எந்தக் காலம், எவ்வளவு இடம்?

1799 ஜூலைல ரஞ்சித் சிங் லாகூரப் பிடிச்சாரு, அங்க ஆரம்பம். 1849 மார்ச் 29 அன்னிக்கு அதே லாகூர்ல பத்து வயசுப் பையன் ஒருத்தன் பேப்பர்ல கையெழுத்து போட்டான், அங்க முடிவு. உச்சத்துல இருந்தப்போ மேற்க கைபர் கணவாய் வாசல், கிழக்க சட்லெஜ் ஆறு, வடக்க காஷ்மீர், லடாக், தெற்க முல்தான் தாண்டி சிந்து எல்லை வரைக்கும். இப்போதைய மேப்ல பாத்தா பெரும்பகுதி பாகிஸ்தான்ல இருக்கு. தலைநகர் லாகூரும் சரி, ரஞ்சித் சிங் குடும்பத்தோட ஊரான குஜ்ரன்வாலாவும் சரி, ரெண்டும் அங்கதான்.

சீக்கிய குருக்கள் காலத்துலயே அரசு இருந்துச்சா?

இல்ல. 1699ல குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூர்ல கால்சாங்கற சீக்கிய அமைப்ப ஆரம்பிச்சாரு, அதுல இருந்துதான் ஆயுதம் ஏந்துன சமூகம்ங்கற அடையாளம் உறுதியாச்சு. அவருக்கு அப்புறம் பந்தா சிங் பகதூர் 1710ல சர்ஹிந்த பிடிச்சு கொஞ்ச காலம் ஆட்சி நடத்துனாரு, 1716ல டெல்லியில அவர முகலாயர்கள் கொடூரமா கொன்னாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் காட்டுலயும் மலையடிவாரத்துலயும் ஒளிஞ்சு வாழ்ந்த வாழ்க்கைதான்.

அந்தக் காலத்துலதான் மிஸ்ல்னு சொல்ற குழுக்கள் உருவாச்சு, மொத்தம் பன்னெண்டுன்னு கணக்கு சொல்லுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் சர்தார்னு ஒரு தலைவர், சொந்தக் குதிரைப்படை. வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல்ல வர்ற பைசாகிப் பண்டிகைக்கும் தீபாவளிக்கும், எல்லாரும் அமிர்தசரஸ்ல கூடி சர்பத் கால்சான்னு ஒரு சபையா உக்காந்து பொது முடிவு எடுப்பாங்க. இந்த சபைய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இது இல்லாமப் போனதுதான் பெரிய விஷயம். ஆப்கானிஸ்தான்ல இருந்து அகமது ஷா அப்தாலி திரும்பத் திரும்ப படையெடுத்து வந்தாரு, 1762ல ஒரே படையெடுப்புல ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் வெட்டுப்பட்டாங்க, அமிர்தசரஸ் கோயிலயே வெடி வச்சுத் தகர்த்தாங்க. ஆனா மூணே வருஷத்துல, 1765ல, லாகூர் சீக்கிய சர்தார்கள் கையில இருந்துச்சு. இந்த வரலாறு தெரிஞ்சாதான் 1845ல அந்தப் படை ஏன் அப்படி சண்ட போட்டுச்சுன்னு புரியும்.

ரஞ்சித் சிங் யாரு? ஒரு சின்ன சர்தார் பையன் எப்படி மகாராஜா ஆனாரு?

1780ல பிறந்தவரு. சுகர்சகியா மிஸ்ல், அது ஒண்ணும் பெரிய மிஸ்ல் இல்ல. சின்ன வயசுல அம்மை வந்து இடது கண் போச்சு, பத்து பன்னெண்டு வயசுக்குள்ளயே அப்பா மகா சிங்கும் போயிட்டாரு. அவர தூக்கி விட்டதுல மாமியார் சதா கவுருக்குப் பெரிய பங்கு உண்டு, கன்னையா மிஸ்லோட தலைவி, நேரா குதிரையில ஏறி படை நடத்துன அம்மா. லாகூர்ல அப்போ பங்கி மிஸ்ல சேர்ந்த மூணு சர்தார்கள் ஊர பங்கு போட்டு ஆண்டுட்டு இருந்தாங்க, ஜனங்க வெறுத்துப் போய், முஸ்லிம் பெரியவங்க உட்பட ஊர்க்காரங்களே ரஞ்சித் சிங்குக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னாங்க. மாமியாரும் மருமகனும் சேர்ந்து படையோட போனாங்க, கதவு உள்ள இருந்தே திறந்துச்சு. அப்போ அவருக்கு வயசு பத்தொன்பது கூட ஆகல.

1801 பைசாகியில மகாராஜா பட்டம். ஆனா காசுல தன் பேர போடல, குரு நானக் பேர்லதான் நாணயம் அடிச்சாரு, அரசுக்கும் சர்க்கார்-இ-கால்சான்னுதான் பேரு. இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். தன்னை ஏத்தி விட்ட அதே சதா கவுரோட நிலத்த எல்லாம் 1821ல பறிச்சுட்டு அவங்கள சிறையில வச்சவரும் இவர்தான், அந்த அம்மா சாகுற வரைக்கும் வெளிய வரல. சர்பத் கால்சா சபையும் 1805க்கு அப்புறம் கூடவே இல்ல. முடிவு எடுக்குற அதிகாரம் முழுக்க ஒரே ஆள்கிட்ட வந்து நின்னுச்சு. அந்த ஆள் திறமைசாலி, அதனால அவர் இருக்குற வரைக்கும் யாருக்கும் அது குறையாத் தெரியல.

பிரிட்டிஷ்காரங்களோட அவர் ஏன் சண்டைக்கே போகல? பயமா?

பயம்னு சொல்றவங்க 1799ங்கற வருஷத்தப் பாக்கணும். அந்த மே மாசம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு விழுந்தாரு. 1803ல மராத்தியர்கிட்ட இருந்து டெல்லி கம்பெனி கைக்குப் போச்சு. 1805ல மராத்திய ராஜா ஹோல்கர் தோத்து ஓடி வந்து அமிர்தசரஸ்ல உதவி கேட்டு நின்னாரு, பின்னாலயே கம்பெனி படையும் வந்துச்சு. பெரிய பெரிய அரசெல்லாம் வரிசையா விழறத ரஞ்சித் சிங் பக்கத்துல இருந்து பாத்தவரு.

அவரோட ஆசை சட்லெஜுக்குத் தெற்க இருந்த பாட்டியாலா, நாபா, ஜிந்த் மாதிரி சீக்கிய சமஸ்தானங்களையும் சேத்து ஒரே பஞ்சாப் ஆக்கறது. அந்த ராஜாக்களுக்கு அதுல இஷ்டம் இல்ல, 1808ல டெல்லிக்குப் போய் கம்பெனிகிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. அதே வருஷம் நெப்போலியன் தரை வழியா இந்தியாவுக்கு வந்துடுவாரோங்கற கவலையில கம்பெனி சார்லஸ் மெட்கால்ஃப ரஞ்சித் சிங்கிட்ட நட்பு பேச அனுப்புச்சு. பேச்சு நடந்துட்டு இருக்கும்போதே நெப்போலியன் ஸ்பெயின்ல மாட்டிக்கிட்டாரு, பயம் விலகுச்சு, உடனே கம்பெனியோட பேச்சு மாறுச்சு, சட்லெஜ் தாண்டி வரக்கூடாதுன்னு சொல்லி படையையும் கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. 1809 ஏப்ரல் 25 அமிர்தசரஸ் ஒப்பந்தம் இப்படி வந்ததுதான். சட்லெஜ் எல்லை, தெற்க நீ வராதே, வடக்க நாங்க வரல.

அவர் அத கடைசி வரைக்கும் காப்பாத்துனாரு. கம்பெனி காப்பாத்துன லட்சணம் வேற. 1831ல பிரிட்டிஷ் ராஜா அனுப்புன பரிசுன்னு அஞ்சு பெரிய வண்டிக் குதிரைகள சிந்து நதி வழியா படகுல கொண்டு வந்தாங்க, உண்மையான வேலை ஆத்தோட ஆழத்த அளக்கறது. 1835ல சட்லெஜ் கரையில ஃபெரோஸ்பூர எடுத்துக்கிட்டாங்க, கொஞ்ச வருஷத்துல அங்க கன்டோன்மென்ட் வந்துச்சு, லாகூருக்கு அங்க இருந்து ரெண்டு மூணு நாள் நடைதான். சிந்து பக்கம் சிகார்பூர அவர் கேட்டப்போ மறிச்சுட்டு, 1843ல முழு சிந்தையும் தாங்களே விழுங்கிட்டாங்க. மேப்ல சிவப்பு கலர் போட்ட இடமெல்லாம் கம்பெனியோடதுன்னு கேட்டுட்டு "எல்லாமே சிவப்பாயிடும்"னு ரஞ்சித் சிங் சொன்னதா ஒரு கதை பஞ்சாப்ல ரொம்ப பிரபலம். அவர் சொன்னாரோ இல்லையோ, நடப்பு அவருக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சு.

அந்த ராணுவத்த ஏன் எல்லாரும் புகழ்றாங்க?

1809 பேச்சுவார்த்தை நேரத்துல அமிர்தசரஸ்ல மெட்கால்ஃபோட வந்த கொஞ்ச சிப்பாய்கள் மேல அகாலிகள்னு சொல்ற சீக்கியப் போர்வீரர்கள் கூட்டமா பாஞ்சாங்க, ஆனா அந்த சின்னப் படை வரிசையா நின்னு சுட்டு அவங்கள விரட்டிடுச்சு. வீரம் மட்டும் இருந்தா பத்தாதுன்னு ரஞ்சித் சிங்குக்கு அதுல தெளிவாத் தெரிஞ்சுபோச்சு. குதிரை வீரனா இருக்கறதுதான் கௌரவம், நடந்து போற காலாட்படை கேவலம்னு நினைச்ச சமூகத்த அவர் மெதுவா மாத்துனாரு, தானே பரேடுக்கு வந்து நிப்பாரு. 1822ல நெப்போலியன் படையில இருந்த அல்லார்ட், வெந்தூரான்னு ரெண்டு பேரு வேலை தேடி லாகூர் வந்தாங்க, அவங்க கையில ஃபௌஜ்-இ-காஸ்ங்கற சிறப்புப் படை உருவாச்சு. பிறகு கோர்ட், அவிதாபிலே வந்தாங்க. பீரங்கி எல்லாம் லாகூர்லயும் அமிர்தசரஸ்லயும் வார்த்தது, பீரங்கிப்படையில பஞ்சாபி முஸ்லிம்கள் அதிகம், அதுக்கு இலாஹி பக்ஷ்னு ஒரு ஜெனரல்.

முல்தான் 1818, காஷ்மீர் 1819, பெஷாவர் 1834. பல நூற்றாண்டா வடமேற்குல இருந்து கீழ இறங்கி வந்த படையெடுப்பு முதல் தடவையா திரும்பி மேல போச்சு. ஹரி சிங் நல்வா 1837ல ஜம்ரூத்ல உயிர் விட்டாரு, ஆனா கோட்டை போகல. ஜோராவர் சிங் லடாக்க பிடிச்சு 1841ல மேற்குத் திபெத் வரைக்கும் போனாரு, அந்தக் குளிர்லயே சண்டையில செத்தாரு.

இது சீக்கியர்களுக்கு மட்டுமான ஆட்சியா?

சீக்கியர்கள் அங்க சிறுபான்மை, ஜனங்கள்ல முஸ்லிம்கள்தான் அதிகம். வெளியுறவு முழுக்க ஃபக்கீர் அசீஸுத்தீன் கையில, கஜானா தீனாநாத், பிரதம மந்திரி ஜம்மு டோக்ரா ராஜபுத்திரர் தியான் சிங். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். அதுக்காக ராமராஜ்யம்னு சொல்லிட முடியாது. லாகூர் பாத்ஷாகி மசூதிய ராணுவத்துக்கு எடுத்துக்கிட்டாங்க, ஸ்ரீநகர் ஜாமியா மசூதி இருபது வருஷத்துக்கு மேல பூட்டியே கிடந்துச்சு, காஷ்மீர்ல வரிச்சுமை கொடுமையா இருந்துச்சு. பஞ்சாப் சமவெளியில இருந்தவனும் காஷ்மீர்ல நெசவு பண்ணவனும் இந்த ஆட்சிய ஒரே மாதிரி நினைச்சுப் பாக்க மாட்டாங்க, அது நியாயம்தான்.

1839க்கு அப்புறம் என்னதான் நடந்துச்சு? யார் யாரக் கொன்னாங்கன்னே குழப்பமா இருக்கே?

எல்லாருக்குமே குழப்பம்தான், வரிசையா சொல்றேன். 1839 ஜூன் 27 ரஞ்சித் சிங் இறந்தாரு, நாலு ராணிகளும் ஏழு பணிப்பெண்களும் சிதையில ஏறுனாங்க. மூத்த மகன் கரக் சிங் பட்டத்துக்கு வந்தாரு, சில மாசத்துலயே அவர ஓரம் கட்டிட்டு அவரோட மகன் நவ் நிகால் சிங் அதிகாரத்த எடுத்துக்கிட்டாரு. 1840 நவம்பர்ல கரக் சிங் சாவு, அப்பாவ எரிச்சுட்டுத் திரும்பி வர்றப்போ கோட்டை பக்கத்து வாசல் வளைவு இடிஞ்சு நவ் நிகால் சிங் மேலயே விழுந்துச்சு, பத்தொன்பது வயசு, கெட்டிக்காரப் பையன், அது விபத்தா சதியான்னு இன்னிக்கும் முடிவு ஆகல. அவரோட அம்மா சந்த் கவுர் கொஞ்ச நாள், அப்புறம் 1841 ஜனவரியில ராணுவத்தோட ஆதரவுல ரஞ்சித் சிங்கோட இன்னொரு மகன் ஷேர் சிங். அடுத்த வருஷம் சந்த் கவுர அவங்க பணிப்பெண்களே அடிச்சுக் கொன்னாங்க. 1843 செப்டம்பர் 15, புது துப்பாக்கிய காட்டுற மாதிரி வந்த அஜித் சிங் சந்தன்வாலியா ஷேர் சிங்க சுட்டுட்டாரு, அதே நாள்ல அவரோட சின்னப் பையனும், மந்திரி தியான் சிங்கும் காலி.

மிச்சம் இருந்தது அஞ்சு வயசு துலீப் சிங், ரஞ்சித் சிங்கோட கடைசி ராணி ஜிந்த் கவுரோட பையன். தியான் சிங் மகன் ஹிரா சிங் மந்திரி ஆனாரு, 1844 டிசம்பர்ல அவரும் கொலை. அப்புறம் ராணியோட அண்ணன் ஜவாஹர் சிங், 1845 செப்டம்பர்ல ராணுவம் அவர விசாரணைக்குக் கூப்பிட்டுச்சு, மடியில துலீப் சிங்க வச்சுக்கிட்டு யானை மேல வந்தாரு, குழந்தைய வாங்கி அப்பால கொடுத்துட்டு அவர அங்கயே குத்திக் கொன்னாங்க, தங்கச்சி கண்ணு முன்னாடி.

நிறைய பேரு இத அரண்மனைச் சண்டைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. என் பார்வை வேற. ராஜா செத்தா அடுத்து யாரு, யாரு முடிவு பண்றதுங்கறதுக்கு ஒரு அமைப்பே இல்லாம விட்டாரு ரஞ்சித் சிங். சர்பத் கால்சா மாதிரி ஒரு சபை உயிரோட இருந்திருந்தா ஒரு பேச்சாவது நடந்திருக்கும். அது இல்லாததால அந்த இடத்த ராணுவமே பிடிச்சுது. ஒவ்வொரு படைப்பிரிவுலயும் சிப்பாய்கள் பஞ்சாயத்து வச்சு ஆள் தேர்ந்தெடுத்தாங்க, நாங்கதான் கால்சா, எங்க பேச்சுதான் பேச்சுன்னு நின்னாங்க. சம்பளம் ஏறிக்கிட்டே போச்சு, கஜானா காலியாச்சு, தர்பார்ல இருந்தவங்களுக்கு சொந்த ராணுவத்தப் பாத்தாலே நடுக்கம்.

பிரிட்டிஷ்காரங்களோட நடந்த முதல் போர யார் ஆரம்பிச்சாங்க? சீக்கியப் படைதானே சட்லெஜ தாண்டுச்சு?

தாண்டுச்சு, 1845 டிசம்பர் 11. ஆனா தாண்டுன கரையிலயும் லாகூர் அரசுக்கு சொந்த நிலம் இருந்துச்சுங்கறத முதல்ல கவனிக்கணும். அதுக்கு முன்னாடியே கம்பெனி சட்லெஜ் பக்கம் படைய பல மடங்கு ஏத்தி வச்சுது, பாலம் கட்டுறதுக்கான படகுகள் ஃபெரோஸ்பூருக்கு வந்து இறங்குச்சு, எல்லையில இருந்த ஏஜென்ட் பிராட்ஃபுட் வேணும்னே முறைச்சுக்கிட்டே இருந்தாரு. சிந்து ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான் போயிருக்கு. இத்தனையும் பாத்த சிப்பாய்க்கு அடுத்தது நாமதான்னு தோணாம என்ன தோணும்? தர்பாரும் அவங்கள தடுக்கல, போனா போகட்டும், இந்த ராணுவம் ஒழிஞ்சா சரின்னு நினைச்சவங்க உள்ளயே இருந்தாங்க.

தளபதிகளே காட்டிக் கொடுத்தாங்கன்னு சொல்றது உண்மையா, தோத்தவங்க சொல்ற சமாதானமா?

உண்மை. மந்திரி லால் சிங், தலைமைத் தளபதி தேஜ் சிங், ரெண்டு பேருமே. லால் சிங் ஆத்த தாண்டுனதும் ஃபெரோஸ்பூர்ல இருந்த கேப்டன் பீட்டர் நிக்கல்சனுக்கு ரகசியமா ஆள் அனுப்புனாரு. கொஞ்சம் படையோட தனியா இருந்த ஃபெரோஸ்பூர அவங்க தாக்கவே இல்ல. டிசம்பர் 18 முட்கியில சண்டை நடுவுல லால் சிங் கிளம்பிப் போயிட்டாரு.

டிசம்பர் 21 ஃபெரோஸ்ஷா. இந்தியாவுல கம்பெனி சந்திச்ச மோசமான ராத்திரிகள்ல அது ஒண்ணு. இருட்டுல ரெண்டு படையும் கலந்து கிடக்க, கவர்னர் ஜெனரல் ஹார்டிங்கே களத்துல இருந்தாரு, தன்கிட்ட இருந்த நெப்போலியனோட வாள பத்திரமா வெளிய அனுப்பி வச்சாரு, அரசாங்கக் காகிதங்கள எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டாரு, அந்த அளவுக்கு நிலைமை. காலையில எப்படியோ முகாம பிடிச்சாங்க, ஆனா பீரங்கிக்கு குண்டு இல்ல, ஆட்கள் தண்ணி சாப்பாடு இல்லாம நிக்கறாங்க, அந்த நேரம் தேஜ் சிங் புதுப் படையோட வந்து நின்னாரு. அவர் மட்டும் அடிச்சிருந்தா அன்னிக்கு கம்பெனியோட வட இந்தியப் படையே போயிருக்கும். கொஞ்சம் பீரங்கி சுட்டுட்டு அவர் திரும்பிப் போயிட்டாரு. ஜெயிச்ச பக்கத்துல மட்டும் 694 பேர் சாவு, 1,721 பேருக்குக் காயம்.

அலிவால்ல 1846 ஜனவரி 28 ஒரு தோல்வி. பிப்ரவரி 10 சோப்ராவ்ல தேஜ் சிங் ஆரம்பத்துலயே படகுப் பாலத்த தாண்டி தப்பிச்சாரு, பின்னாடி பாலம் உடைஞ்சுச்சு, அவர்தான் படக எடுக்க வச்சாருன்னு அப்பவே பேச்சு. ஆத்துல வெள்ளம், முதுகுக்குப் பின்னாடி வழி இல்ல, ஆயிரக்கணக்குல செத்தாங்க. வயசான ஷாம் சிங் அட்டாரிவாலா வெள்ளை உடுப்பு போட்டு கடைசி வரைக்கும் நின்னு விழுந்தாரு. சரணடைஞ்சவங்கன்னு பேருக்குக் கூட யாரும் இல்ல, எதிரித் தளபதி ஹ்யூ காஃபே அந்த வீரத்த மதிச்சாரு. உள்ள இருந்த தொடர்பெல்லாம் தெரிஞ்ச ஒரு பிரிட்டிஷ் அதிகாரி பிறகு இத வெளிப்படையா எழுதுனாரு, அதுக்காக அவரோட அரசியல் பதவிய பிடுங்கிட்டாங்க. போர் முடிஞ்சதும் லால் சிங் மந்திரியாவே தொடர்ந்தாரு, தேஜ் சிங் சியால்கோட்டுக்கு ராஜா ஆனாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

காஷ்மீர வித்தாங்கன்னு சொல்றாங்களே?

1846 மார்ச் 9 லாகூர் ஒப்பந்தத்துல ஒன்றரை கோடி ரூபா நஷ்டஈடு கேட்டாங்க, ஜலந்தர் தோவாப்னு சொல்ற, ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்குற பகுதிய எடுத்துக்கிட்டாங்க, ராணுவத்த 20,000 காலாட்படை, 12,000 குதிரைப்படைன்னு சுருக்கிட்டாங்க. பணம் இல்ல, அதனால ஒரு கோடிக்கு பதிலா காஷ்மீரும் மலைப்பகுதிகளும் போச்சு. ஒரே வாரம் கழிச்சு, மார்ச் 16, அத அப்படியே ஜம்மு குலாப் சிங்குக்கு 75 லட்சத்துக்குக் கொடுத்தாங்க, போர்ல லாகூர் பக்கம் நிக்காம சும்மா இருந்ததுக்கான கூலியும் அதுலயே சேந்துச்சு. வருஷா வருஷம் ஒரு குதிரை, பன்னெண்டு ஆடு, மூணு ஜோடி சால்வை கப்பம். அங்க வாழ்ந்த ஜனங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

ராணி ஜிந்த் கவுர ஏன் இவ்வளவு கேவலப்படுத்தி எழுதியிருக்காங்க?

அவங்கள கட்டுப்படுத்த முடியல, அதான். 1846 டிசம்பர் பைரோவால் ஒப்பந்தத்துல ராணிய ஆட்சியில இருந்து நீக்கிட்டு, ஹென்றி லாரன்ஸ் ரெசிடென்ட்டா, அதாவது கம்பெனியோட பிரதிநிதியா, எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கிட்டாரு, துலீப் சிங்குக்கு 16 வயசு ஆகுற 1854 செப்டம்பர் வரைக்கும் பாத்துக்கறோம்னு வாக்கு. 1847 ஆகஸ்ட்ல தேஜ் சிங்குக்கு ராஜா பட்டம் சூட்டுற விழாவுல, எட்டு வயசுப் பையன் அவருக்குத் திலகம் வைக்க மாட்டேன்னு கைய கட்டிக்கிட்டான். அம்மா சொல்லிக் கொடுத்ததுன்னு சொல்லி அதே மாசம் பிள்ளைகிட்ட இருந்து பிரிச்சு ஷேக்குபுரா கோட்டைக்கு அனுப்புனாங்க, ஒன்றரை லட்சமா இருந்த பென்ஷன 48,000 ஆக்குனாங்க, அப்புறம் காசிக்கு, அப்புறம் சுனார் கோட்டைக்கு. 1849 ஏப்ரல்ல வேலைக்காரி வேஷம் போட்டு சுனார்ல இருந்து தப்பிச்சு நேபாளம் போய்ச் சேந்தாங்க. தர்பார்ல அவங்க செஞ்சது எல்லாம் சரின்னு நான் சொல்லல, அண்ணன கொன்ன ராணுவத்து மேல அவங்களுக்கு இருந்த கோபம் போருக்கு ஒரு காரணம்னு சொல்றவங்க உண்டு. ஆனா நடத்தை கெட்டவள்னு பிரிட்டிஷ் அதிகாரிகள் பரப்புன பேச்ச இன்னிக்கும் வரலாறுன்னு திருப்பிச் சொல்றது அநியாயம்.

ரெண்டாவது போர் எதனால?

முல்தான்ல ஆரம்பிச்சுது. அங்க கவர்னரா இருந்த திவான் மூல்ராஜ் வரித் தகராறுல ராஜினாமா பண்ணாரு, பொறுப்ப மாத்தப் போன வான்ஸ் அக்னியூ, ஆண்டர்சன் ரெண்டு அதிகாரிகளும் 1848 ஏப்ரல்ல கொல்லப்பட்டாங்க. அது ஒரு ஊரோட கலகம், உடனே போயிருந்தா அடங்கியிருக்கும். வெயில் காலம், மழை வருதுன்னு சொல்லி பெரிய படைய பல மாசம் அனுப்பல. அதுக்குள்ள ஹஜாராவுல வயசான சத்தர் சிங் அட்டாரிவாலாவ அங்க இருந்த பிரிட்டிஷ் அதிகாரி அவமானப்படுத்தி விரட்ட, அவரு எழுந்தாரு, செப்டம்பர்ல அவரோட மகன் ஷேர் சிங்கும் (முன்னாடி சொன்ன மகாராஜா இல்ல, இவர் வேற) சேந்தாரு. 1849 ஜனவரி 13 சில்லியன்வாலாவுல கம்பெனி பக்கம் 2,300 பேருக்கு மேல சாவும் காயமும், லண்டன்ல அதிர்ச்சி, காஃப மாத்தவே முடிவு பண்ணாங்க. மாத்து ஆள் வந்து சேர்றதுக்குள்ள பிப்ரவரி 21 குஜராத்ல, இது இப்போ பாகிஸ்தான்ல இருக்குற ஊரு, கிட்டத்தட்ட நூறு பீரங்கிய வச்சு அடிச்சு முடிச்சுட்டாங்க. மார்ச் 14 ராவல்பிண்டியில கடைசி ஆயுதத்தையும் கீழ வச்சப்போ "இன்னிக்குத்தான் ரஞ்சித் சிங் செத்தாரு"ன்னு பழைய வீரர் ஒருத்தர் சொன்னதா சொல்லுவாங்க.

போர்ல ஜெயிச்சாங்க, நாட்ட எடுத்துக்கிட்டாங்க, இதுல தப்பு என்ன?

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தப் பக்கத்துல முக்கியமான கேள்வி இதுதான். 1848ல கம்பெனி வெளி எதிரி இல்ல, துலீப் சிங்கோட கார்டியன். அவங்க படை லாகூர்ல இருக்கு, அதுக்கு வருஷம் 22 லட்சம் செலவ அந்தப் பையனோட கஜானா கொடுக்கணும்னு ஒப்பந்தம், அந்தப் படையோட வேலையே உள்நாட்டுல அமைதிய காக்கறது. கலகம் பண்ணது சில சர்தார்களும் பழைய சிப்பாய்களும். மகாராஜா பண்ணல, அவர் பேர்ல ஆண்ட கவுன்சில்ல பெரும்பாலானவங்க கம்பெனி பக்கமேதான் நின்னாங்க. மைனர் பையனோட வீட்டுக்குக் கார்டியனா இருக்குறவன், வேலைக்காரங்க தகராறு பண்ணாங்கன்னு சொல்லி வீட்டையே தன் பேருக்கு எழுதிக்கிட்டா நாம அத என்ன சொல்லுவோம்?

கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பண்ணது அதுதான். ஹென்றி லாரன்ஸே இணைக்க வேணாம்னு எதிர்த்தாரு, கேக்கல. மார்ச் 29 தர்பார்ல பையன உக்கார வச்சு கையெழுத்து வாங்குனாங்க. அரசுரிமை போச்சு, சொத்து போச்சு, கோஹினூர் இங்கிலாந்து ராணிக்குன்னு தனி ஷரத்து. 1813ல ஆப்கான் ராஜா ஷா ஷுஜாகிட்ட இருந்து ரஞ்சித் சிங் நெருக்கி வாங்குன கல்லுதான் அது, அதையும் மறைக்க வேண்டியதில்ல, ஆனா பத்து வயசுக் குழந்தைகிட்ட எழுதி வாங்கிட்டு "பரிசு"ன்னு சொல்றத எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது.

துலீப் சிங் அப்புறம் என்ன ஆனாரு?

ஃபதேகர்ல டாக்டர் லோகின் வீட்டுல வளர்த்தாங்க, 1853ல கிறிஸ்தவர் ஆக்குனாங்க, 1854ல இங்கிலாந்து. விக்டோரியா ராணிக்கு செல்லப் பிள்ளை. 1861ல கல்கத்தாவுல அம்மாவ பாத்தாரு, பதிமூணு வருஷத்துக்கு அப்புறம், அவங்களுக்கு அதுக்குள்ள கண் பார்வை மங்கிப் போச்சு. அந்த நேரம் சீனாவுல இருந்து திரும்புன சீக்கிய சிப்பாய்கள் ஹோட்டல் வாசல்ல கூடி கோஷம் போட்டதும் அரசாங்கம் பதறி ரெண்டு பேரையும் சீக்கிரமா இங்கிலாந்துக்கு அனுப்பிடுச்சு. 1863ல அம்மா லண்டன்ல இறந்தாங்க, சாம்பல பஞ்சாபுக்குக் கொண்டு போக விடல, நாசிக்ல கோதாவரியில கரைச்சாரு. அம்மாகூட இருந்த அந்த ரெண்டு வருஷத்துலதான் தன்கிட்ட இருந்து என்னெல்லாம் போச்சுன்னு அவருக்கு முழுசாத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். 1886ல குடும்பத்தோட இந்தியாவுக்குக் கிளம்புனாரு, ஏடன்ல கைது பண்ணி நிறுத்திட்டாங்க. அங்கயே மறுபடி சீக்கியரா மாறுனாரு, ரஷ்யா வரைக்கும் போய் உதவி தேடுனாரு, ஒண்ணும் நடக்கல, 1893ல பாரிஸ்ல இறந்தாரு. இங்கிலாந்துல எல்விடன்ங்கற ஊர்ல கிறிஸ்தவ முறைப்படி புதைச்சாங்க. மகள் சோபியா பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டன் தெருவுல போராடுனவங்க.

அப்படின்னா 1857ல சீக்கியர்கள் ஏன் பிரிட்டிஷ் பக்கம் நின்னாங்க?

எட்டு வருஷத்துக்கு முன்னாடி பஞ்சாப பிடிச்ச படையில அதிகமா இருந்தது அதே வங்காளப் படையோட கிழக்கத்திய சிப்பாய்கள். இப்போ அவங்களே முகலாய பாதுஷா பேர்ல எழுந்து நிக்கறாங்க, குருக்களக் கொன்ன அதே டெல்லி சிம்மாசனம். சேரணும்னு சீக்கியர்களுக்குத் தோண எந்தக் காரணமும் இல்ல. பாட்டியாலா, ஜிந்த் ராஜாக்கள் 1809ல இருந்தே கம்பெனி நிழல்லதான் இருந்தாங்க. லட்சத்துக்கு மேல ஆயுதத்த பறிச்சு, ராணுவத்தக் கலைச்சு, ஊர்ல சும்மா உக்கார வச்சவங்களுக்கு மறுபடி ஒரு வேலையும் சம்பளமும் கிடைச்சுது. துரோகின்னு சொல்றவங்க முதல்ல அவங்களுக்கு நடந்ததப் படிக்கணும்.

இப்போ நேர்ல பாக்கணும்னா என்ன இருக்கு?

லாகூர் கோட்டைக்கு எதிர்லயே ரஞ்சித் சிங் சமாதி இருக்கு, பக்கத்துல ஹஜூரி பாக். பேரன் மேல விழுந்த வாசலும் அதே வட்டாரம்தான். அவரோட தங்கத் தகடு போட்ட சிம்மாசனம் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல, கோஹினூர் லண்டன் டவர்ல, 1852ல மறுபடி பட்டை தீட்டி 186 காரட்ல இருந்து 105 காரட் சொச்சத்துக்குக் குறைச்சது. பாஸ்போர்ட் விசா இல்லாம போகணும்னா அமிர்தசரஸ் பொற்கோயிலோட தங்கமே அவர் போட்டதுதான், அங்க இருந்து ஃபெரோஸ்பூர் பக்கம் போனா ஃபெரோஸ்ஷாவுல ஆங்கிலோ சீக்கியப் போர் மியூசியம் இருக்கு, முட்கியும் சோப்ராவும் அதே சுத்து வட்டாரத்துலதான். ஒரு நாள் கார் எடுத்தா மூணையும் பாத்துடலாம், பனிக்காலத்துல போங்க, சண்டை நடந்ததும் அந்த மாசங்கள்லதான்.